நடக்க முடியாதவரைப் பறவை பார்க்க எங்கே கூட்டிப்போவது? சென்னையைச் சுற்றி ஐந்து இடங்கள்

"அப்பாவுக்குப் பறவை பார்க்க ஆசை, ஆனால் முழங்கால் தேய்ந்துவிட்டது. வேதாந்தாங்கல் போகலாமா, இல்லை பள்ளிக்கரணையே போதுமா?" மார்கழி நெருங்கினாலே இந்த மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்களின் நிலைமை ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் வீட்டில் அம்மா வாக்கர் வைத்து நடக்கிறார், இன்னொருவரின் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான், வேறொருவர் கைக்குழந்தையோடு தள்ளுவண்டி கொண்டு போக வேண்டும். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: சமதளமாக இருக்குமா, போனால் ஏதாவது கண்ணில் படுமா?

இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் "அங்கே இத்தனை வகைப் பறவைகள்" என்று பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகின்றன. நூறு வகை இருந்தால் என்ன, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மூன்றுகூட எட்டவில்லை என்றால்?

## எதை வைத்து முடிவு செய்வது

என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது தூரம். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லவில்லை, உட்காரும் இடத்துக்கும் பறவைக்கும் நடுவில் எவ்வளவு என்பதைச் சொல்கிறேன். நடக்க முடிந்தவர் நாலு அடி முன்னே போய், குனிந்து, எட்டிப் பார்த்துச் சமாளித்துவிடுவார். நடக்க முடியாதவருக்கு அந்த வசதி கிடையாது, பறவைதான் அவரைத் தேடி வர வேண்டும்.

அடுத்தது கண்மட்டம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பெரியவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கெட்டியான சுவர் கட்டி வைத்திருந்தால் தூரத்துத் தண்ணீர் தெரியும், சுவரை ஒட்டி நிற்கும் மடையானோ முக்குளிப்பானோ தெரியவே தெரியாது. கம்பித் தடுப்பு என்றால் பரவாயில்லை, இடைவெளி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். சரிவுப் பாதை போட்டவர்கள்கூட இதை யோசிப்பதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை எல்லாரும் அணுகும்படி வைக்கச் சொல்கிறது. வாசலில் ஒரு சரிவு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது நம் ஊர் வழக்கம்.

மூன்றாவது கழிப்பறை. சிரிக்க வேண்டாம், பாதிப் பயணங்கள் கெடுவது இதில்தான். பெரியவர் நீர் மாத்திரை போட்டுக்கொள்பவராக இருந்தால், மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. நாமாக நிறுத்திவிடக் கூடாது.

அப்புறம் நிழல், தரை, பருவம். தரை என்றால் ஏற்ற இறக்கம் மட்டும் இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் மடக்கு நாற்காலிகளின் முன் சக்கரம் சின்னது, கெட்டியானது, ஜல்லியிலும் மணலிலும் அப்படியே புதைந்துகொள்ளும். அந்த மாதிரி இடத்தில் நாற்காலியைத் திருப்பி, பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனால் சுலபமாகப் போகும்.

## வேதாந்தாங்கல்

பெயரைக் கேட்டதும் எல்லாரும் கிளம்பிவிடுவது இங்கேதான், அதில் நியாயமும் இருக்கிறது. வெறும் முப்பது ஹெக்டேர் ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், இராக்கொக்கு எல்லாம் மாடி வீடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம், அதனால்தான் காப்பாற்றி வந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது முறையிட்டு, 1798இல் அன்றைய கலெக்டரிடம் எழுத்து மூலமாகவே உறுதி வாங்கிய ஊர் இது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் 2022இல் சேர்ந்தது.

நடக்க முடியாதவருக்கு இங்கே பெரிய லாபம் ஏரிக்கரை. கரைமேல் ஏறிவிட்டால் மேடு பள்ளம் இல்லாமல் போகலாம், கண் எதிரிலேயே மரங்கள். ஒரே இடத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாரை குச்சி கொண்டுவரும், பக்கத்துக் கூட்டுக்காரன் அதைத் திருடுவான், குஞ்சு வாயைத் திறந்துகொண்டு கத்தும், பாம்புத்தாரா துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். நகர முடியாதவருக்கு நகராமலேயே இவ்வளவு கிடைக்கிற இடம் சென்னைப் பக்கம் வேறு இல்லை என்றே சொல்வேன்.

பார்வை மங்கியவருக்கும் இதே இடத்தைத்தான் சொல்வேன். குஞ்சு பொரித்த காலத்தில் அந்தக் கூச்சலை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கண்ணே வேண்டாம். நாரைகள் அலகைத் தட்டும் சத்தமும் இராக்கொக்கின் கரகரத்த குரலும் மீன் கவிச்சி வாடையும் சேர்ந்து இடத்தைச் சொல்லிவிடும்.

இனி சிக்கல்கள். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டருக்கு மேல். ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடி தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். போகும்போது தெரியாது. ஞாயிறு சாயங்காலம் திரும்பி வரும்போது பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டால்தான் தெரியும், இடுப்பு வலிக்காரருக்கு அது தண்டனை. ஆகவே வார நாளில் போங்கள், முடியாவிட்டால் சனிக்கிழமை. கழிப்பறை வேலையை நெடுஞ்சாலை ஓட்டலிலேயே முடித்துக்கொண்டு கிளைச் சாலையில் திரும்புவது உத்தமம்.

இன்னொன்று, தரைமட்டத்திலிருந்து கரைக்கு ஏற வேண்டும், அந்த இடத்தில் தள்ளுபவருக்கு நல்ல பலம் வேண்டும், கனமானவரை ஓர் ஆளால் தள்ள முடியாது. பார்வைக் கோபுரத்தை மறந்துவிடுங்கள், அது படி ஏறுபவர்களுக்கு. கரையிலிருந்து தெரிவதே தாராளம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து மழை பொய்ப்பது. வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்து ஏரி நிறைந்தால்தான் கூடு கட்டும். நிறையாத வருஷத்தில் இவ்வளவு தூரம் போய் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போது போய்ச் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

பக்கத்திலேயே கரிக்கிலி இருக்கிறது, அதுவும் ராம்சார் இடம்தான், வாத்து வகைகளுக்குப் பேர்போனது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை எல்லாம் தூரத்துத் தண்ணீரில் மிதக்கும். நடந்து, நின்று, பொறுமையாக டெலஸ்கோப் போட்டுப் பார்ப்பவர்களுக்கான இடம் அது. நம் கணக்குக்கு ஒத்துவராது.

## பள்ளிக்கரணை சதுப்புநிலப் பூங்கா

நகரத்துக்குள்ளேயே இருப்பதுதான் இதன் பலம். வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் பக்கம் வீடு இருந்தால் காலை டிபனுக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம். 2021இல் திறந்த பூங்கா, காலை நடைக்காரர்களுக்காகவே போட்ட பாதை, நாற்காலி தள்ள ஐந்து இடங்களில் இதுதான் மிகச் சுலபம். முழுப் பாதையும் போக வேண்டியதில்லை, அலுத்துப்போனால் திரும்பிவிடலாம். எவ்வளவு நேரம் தாங்குவார் என்று தெரியாத பெரியவரை முதல் தடவை வெளியே கூட்டிப்போக இந்த வசதி முக்கியம்.

நீலத்தாழைக்கோழி இங்கே நிச்சயம் என்றே சொல்லலாம். ஊதா நீல உடம்பு, சிவப்பு நெற்றி, நீளமான சிவப்புக் கால், கோரைக்குள் அதட்டலாக நடந்து வரும். கண் பார்வை குறைந்தவருக்கும் பளிச்சென்று தெரிகிற நிறம். நாமக்கோழி, முக்குளிப்பான், இலைகளின் மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி, நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா எல்லாம் பருவத்துக்கேற்ப இருக்கும்.

பூநாரையை நம்பிப் போகாதீர்கள். சதுப்புநிலத்தின் ராம்சார் பரப்பே சுமார் 1,248 ஹெக்டேர், பூங்கா அதன் ஓரத்தில் ஒரு துண்டுதான். பூநாரைக் கூட்டம் நடுவிலோ பெருங்குடிப் பக்கமோ நிற்கும், வெறும் கண்ணுக்கு இளஞ்சிவப்புக் கோடு மாதிரி தெரியும், அவ்வளவுதான். பத்திரிகையில் வரும் படங்கள் பெரிய லென்ஸில் எடுத்தவை.

இங்கே முன்கூட்டித் தெரியாத தொல்லை காற்று. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இதே சதுப்புநிலத்தில் இருக்கிறது, காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் நாற்றம் வரும். ஆஸ்துமா இருப்பவரை முதலில் தனியாக நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டிப்போங்கள். பாதையை விட்டுப் புல்லில் இறங்கவும் வேண்டாம், கண்ணாடி விரியன் இருக்கிற நிலம்.

## கேளம்பாக்கம்–கோவளம் சாலை, காரை விட்டு இறங்காமல்

இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஓ.எம்.ஆரையும் (பழைய மாமல்லபுரம் சாலை) ஈ.சி.ஆரையும் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இணைக்கும் இந்தச் சாலை முட்டுக்காடு கழிமுகத்தின் தண்ணீரைக் கடந்து போகிறது. நாற்காலிக்கு மாற முடியாதவர், மாறினால் வலிக்கும் என்று பயப்படுபவர், வெயில் ஆகாதவர், இவர்களுக்குக் காரே நல்ல மறைவிடம். மனித உருவம் தெரிந்தால் பறந்துவிடும் பறவை, நின்றுகொண்டிருக்கும் காரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இறங்கி நடப்பவரை விட உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கே நல்ல காட்சி கிடைக்கிற அபூர்வமான இடம், எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் நோக்கி, அதாவது கிழக்கே, போங்கள். பார்ப்பவரை இடதுபக்க ஜன்னலில் உட்கார வையுங்கள். நாம் இடது ஓரத்தில் நிறுத்துவோம், அந்த ஜன்னல் வடக்கே பார்க்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் காலையோ மாலையோ கண் கூசாது, பறவையின் நிறம் சுத்தமாகத் தெரியும். எதிர்த்திசையில் வந்தால் ஜன்னல் தெற்கே திரும்பிவிடும், எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

சாம்பல் நாரை, கொக்கு வகைகள், நெடுங்கால் உள்ளான், தண்ணீருக்கு மேல் நின்ற இடத்திலேயே சிறகடித்துச் செங்குத்தாகப் பாயும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, ஆலா, கடற்காகம், மேலே வட்டமிடும் செம்பருந்து என்று கலவையாக இருக்கும். தண்ணீர் ஆழமாக இருக்கும்போது உள்ளான் வகைகள் நிற்காது. மழை முடிந்து மட்டம் குறைந்து சேறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் வந்து குவியும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை பொறுத்துப் போவது நல்லது.

குறை என்னவென்றால் இது பூங்கா கிடையாது, சாலை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். ஓரத்தில் இடம் உள்ள இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டும், பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது. கழிப்பறை, நிழல், டீக்கடை எதையும் தண்ணீர்ப் பகுதியில் எதிர்பார்க்க முடியாது, இரண்டு முனையில் இருக்கும் ஊர்களில்தான். காலை ஏழு மணிக்கு முன் போனால் வண்டிகள் குறைவு. ஓட்டுபவர் பறவை பார்க்கக் கூடாது, இதைக் கறாராகவே வைத்துக்கொள்ளுங்கள்.

## வண்டலூர்

"அது மிருகக்காட்சிசாலை ஆச்சே" என்பீர்கள். சரிதான், கூண்டில் இருப்பவை கணக்கில் வராது. ஆனால் 602 ஹெக்டேர் காட்டுக்குள் 1985இல் அமைந்த இந்தப் பூங்காவின் உள்ளே ஓட்டேரி ஏரி என்று ஒன்று இருக்கிறது, அங்கே வரும் நீர்ப்பறவைகள் யாரும் கொண்டுவந்து விட்டவை இல்லை. அடைப்புகளின் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றியும் காட்டுக் கொக்குகள் இலவசச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

பேட்டரி வண்டி, அகலமான பாதை, மர நிழல், சாப்பாட்டு இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு வேறு இடம் தேட வேண்டாம். பேரன் புலியைப் பார்ப்பான், தாத்தா ஏரியைப் பார்ப்பார். ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷத்தில்கூட நாள் வீணாகாது.

பேட்டரி வண்டியில் போனால் வண்டிக்காரர் நிறுத்தும் இடத்தில்தான் நிறுத்த முடியும், ஏரியில் அரைமணி நேரம் உட்கார ஆசைப்பட்டால் நாற்காலியில் தனியாகப் போக வேண்டும், அது நீண்ட தூரம். விடுமுறை நாள் கூட்டமும் கொஞ்ச நஞ்சம் இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

## கிண்டி

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, வெளிமானும் புள்ளிமானும் நரியும் இருக்கிற இடம், ஆனால் பொதுமக்கள் சாதாரணமாகப் போவது ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காவுக்கு. அங்கே பெரும்பாலும் அடைப்பில் உள்ளவற்றைத்தான் பார்க்க முடியும். மரங்களில் அணில், குரங்கு, ஓடி ஒளியும் கீரி, தலைக்கு மேல் "டொக் டொக்" என்று விடாமல் குரல் கொடுக்கும் செம்மார்புக் குக்குறுவான், வண்ணத்துப்பூச்சிகள், இவைதான் உண்மையான காட்டு உயிர்கள்.

கோடையில் ஏரிகள் எல்லாம் வற்றிக் கிடக்கும்போது போக இது ஒன்றுதான் மிச்சம், நிழல் அப்படி. ஆஸ்பத்திரி, மெட்ரோ எல்லாம் அருகில் இருப்பதால் உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிப்போகத் தைரியமும் வரும். ஆனால் நாரை பார்க்க ஆசைப்பட்டவரை இங்கே கூட்டி வந்தால் ஏமாந்துபோவார்.

## ஒரே பார்வையில்

| இடம் | நாற்காலி தள்ள | பறவை, விலங்கு எவ்வளவு அருகில் | எப்போது | பெரிய இடைஞ்சல் |
|---|---|---|---|---|
| வேதாந்தாங்கல் | கரை ஏறக் கடினம், மேலே சுலபம் | கூடுகள் கண் எதிரில், பைனாகுலர் இருந்தால் முகமே தெரியும் | டிசம்பர் கடைசி–பிப்ரவரி, மாலை | தூரம், மழை பொய்த்தால் வெறும் ஏரி |
| பள்ளிக்கரணை | மிகச் சுலபம் | தாழைக்கோழி அருகில், பூநாரை வெகு தூரம் | நவம்பர்–மார்ச், காலை | குப்பைக் கிடங்கு நாற்றம் |
| கேளம்பாக்கம் சாலை | தேவையே இல்லை | சில சமயம் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே | ஜனவரி–மார்ச் | போக்குவரத்து, கழிப்பறை |
| வண்டலூர் | சுலபம், ஆனால் தூரம் அதிகம் | ஏரியில் நடுத்தரம் | டிசம்பர்–பிப்ரவரி, வார நாள் | கூட்டம் |
| கிண்டி சிறுவர் பூங்கா | சுலபம் | அணில், குருவி தலைக்கு மேலேயே | வருஷம் முழுக்க | காட்டு உயிர் குறைவு |

## யாருக்கு எது

வாக்கரோடு கொஞ்ச தூரம் நடப்பவர், ஒன்றரை மணி நேரக் கார் பயணம் தாங்குவார், நல்ல மழை வருஷம் என்றால் யோசிக்காமல் வேதாந்தாங்கல். உடன் தள்ள இரண்டு பேர் இருந்தால் சக்கர நாற்காலிக்காரருக்கும் அதுதான். சொந்தக் கார் இல்லாமல் வாடகை வண்டியில் போகிறீர்கள் என்றால் காத்திருப்புக் கட்டணத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், நாலு மணிக்குப் போய் இருட்டும்வரை உட்கார வேண்டிய இடம் இது.

படுக்கையிலிருந்து இப்போதுதான் எழுந்து நடமாடுபவர், வலி அதிகம் உள்ளவர் என்றால் கேளம்பாக்கம் சாலை. முடியவில்லை என்று சொன்ன அடுத்த நிமிஷம் வண்டியைத் திருப்பிவிடலாம். வாரா வாரம் போக நினைப்பவருக்குப் பள்ளிக்கரணை. திரும்பத் திரும்ப ஒரே பாதையில் போனால்தான் எந்தக் கோரைக்குள் எது இருக்கிறது என்று பழகும், நாலைந்து வாரத்தில் பெரியவரே உங்களுக்குக் காட்ட ஆரம்பித்துவிடுவார். சின்னக் குழந்தைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்த கூட்டம் என்றால் வண்டலூர்.

இவற்றில் எதற்கும் போக வழியில்லை என்றால் உங்கள் ஊர் ஏரிக்கரையைக் குறைத்து எடைபோடாதீர்கள். மடையான், மீன்கொத்தி, கரிச்சான், பஞ்சுருட்டான், ஆள்காட்டி இந்த ஐந்தும் பெரும்பாலான ஏரிகளில் இருக்கும், அதுவே ஒரு சாயங்காலத்துக்குப் போதும்.

## கிளம்பும் முன்

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x32 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 32 மி.மீ.) வாங்குங்கள். கடைக்காரர் 10x அல்லது 12x தான் உசத்தி என்பார், கை நடுங்குபவருக்கு உருப்பெருக்கம் கூடக் கூட ஆட்டமும் கூடும், ஒன்றும் தெரியாது. 8x32 பெரும்பாலும் அரை கிலோ எடைதான், 8x42 அதைவிடக் கனம். கண்ணாடி போட்டவர் என்றால் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுக் கண்ணாடியோடே பார்க்கச் சொல்லுங்கள். முழங்கையை ஊன்ற மடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் நன்றாக நிற்கும். முந்தின நாள் வீட்டு மாடியிலோ ஜன்னலிலோ காக்காயை வைத்துப் பழக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஏரிக்கரையில் பாதி நேரம் ஃபோகஸ் பண்ணுவதிலேயே போய்விடும்.

கிளம்பும் அன்று காலை அந்தப் பக்கம் சமீபத்தில் போனவர் யாரிடமாவது ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, இடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லை என்றால் வேதாந்தாங்கலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு வண்டியைக் கேளம்பாக்கம் பக்கம் விடுங்கள்.